போலாம் ரைட், வாலு

குதிரைப் பண்ணையில் மேனேஜர் என்று சொன்னால் ஜனங்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். தொப்பி எங்கே, பூட்ஸ் எங்கே என்று கேட்கிறார்கள். நான் குரோம்பேட்டைக்காரன், பெயர் ஆபேல், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவன். குதிரைமேல் ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை. அதன் வாய்க்குள் போவதும் பின்னால் வருவதும் மட்டும்தான் என் இலாகா. புல், கொள்ளு, ஓட்ஸ், தண்ணி லாரி, கரண்டு, வேலைக்கு ஆள். இதில் ஆள் பிடிப்பதுதான் பெரிய பேஜார். வருகிறவன் எல்லாம் முதல் நாள் செல்ஃபி எடுக்கிறான். இரண்டாம் நாள் குதிரை லத்தி அள்ளச் சொன்னால் ஊரில் மச்சானுக்குக் கல்யாணம் என்று கிளம்பிவிடுகிறான். நான் திட்டி அனுப்பியவர்கள் கணக்கு வழக்கில்லை. நான் திட்டியும் போகாத ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். அவள் பெயர் கெசியா.

பண்ணை இருப்பது மாம்பாக்கம் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே. நடத்துகிறவர் மோகன்ராஜ். ஜெர்மனி வரை போய் குதிரையேற்றம் படித்துவிட்டு வந்தவர், சொல்லிக்கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆளில்லை. கொரோனாவில் எல்லாம் மூடிக்கிடந்த காலத்தில் ஒரு நாள் காலையில் கேட்டுக்கு வெளியே மாஸ்க்கும் துப்பட்டாவுமாக ஒரு பெண் நின்றாள். அவள்தான் கெசியா. ஊர் மாடம்பாக்கம், வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறது, புருஷன் தனசிங் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறார். இவள் சேலையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா. பள்ளிக்கூடம் மூடி, பஸ் முள்செடிக்குள் நிற்க, வேலை தேடி வந்திருந்தாள்.

"குதிரைன்னா பயம் இருக்கா?" என்று கேட்டேன்.

"கீது சார்."

"அப்புறம் எப்படிம்மா இந்த வேலை?"

"எல்.கே.ஜி. பசங்கள பாத்தும் மொத நாள் பயமாத்தான் இருந்துச்சு. அதுங்களும் கடிக்கும் சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சம்பளம் கூடக் கேட்பார்கள் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆறு மணிக்கு வா என்றேன்.

பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாசல் படியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து ஏற்ற வேண்டும். எல்லாம் ஏறியதும் பஸ்ஸின் பக்கத்தகட்டில் இரண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்!" என்று டிரைவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். அடுத்த பிள்ளையின் வீடு வந்தால் "ஓல்டேன்!" என்று நிறுத்த வேண்டும். ஹோல்ட் ஆன் என்று வெள்ளைக்காரன் சொன்னது நம்மூர் கண்டக்டர்கள் வாயில் கிடந்து ஊறி இப்படி ஆகிவிட்டது. கெசியாவிடம் ஓல்டேன் இரண்டு தினுசு. யாராவது படியில் கால் வைத்திருக்கும்போது வண்டி நகர்ந்தால் சுருக்கென்று வெட்டுவது ஒன்று. பிள்ளைகள் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போது, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு யாரும் முன்னால் போய் விழுந்துவிடக் கூடாது என்று, தாலாட்டுகிற மாதிரி "ஓ…ல்டே…ன்" என்று இழுப்பது இன்னொன்று. அதைக் கேட்டு டிரைவர் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து நிறுத்துவாராம். இதை அவளே எனக்குச் செய்து காட்டினாள், பண்ணை வாசலில், குடிதண்ணீர் ஆட்டோக்காரர் பயந்து போய் நிறுத்தும் அளவுக்கு.

பஸ்ஸில் செய்ததையெல்லாம் அப்படியே குதிரைகளிடமும் செய்தாள். தீவன வாளியை எடுக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பாள். மிச்சம் வைத்திருந்தால், "இன்னாடா, டிபன் பாக்ஸ் காலியாவலியே? வவுத்த வலிக்குதா?" என்று வயிற்றில் காது வைப்பாள். ஒரு குதிரைக்கு வயிறு உப்பிக்கொண்டு வலி வந்ததை, டாக்டரைக் கூப்பிடும் அவகாசம் இருக்கும்போதே கண்டுபிடித்தது அப்படித்தான். குதிரையை வெளியே நடத்திப் போகும்போது எப்போதும் ரோட்டுப் பக்கமாகவே இவள் நடப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "வண்டி வர்ற பக்கம் நாம நிக்கணும் சார், புள்ளைங்க உள்பக்கம்" என்றாள். அரை டன் எடையுள்ள பிள்ளை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஜெர்மன்காரி வந்து சேர்ந்தாள்.

நாவலூர் பக்கத்தில் முனிரத்தினம் என்று ஒருவர். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, கீழே வரிசையாகக் கடைகள். ஒரே பெண் தேவதர்ஷினி, காலேஜ் முதல் வருஷம். அவள் மோகன்ராஜிடம் குதிரையேற்றம் கற்றுக்கொண்டு, தடை தாண்டும் போட்டிகளில் சின்னச் சின்னதாக ஜெயிக்க ஆரம்பித்திருந்தாள். இந்தியாவுக்கு ஏற்கெனவே இறக்குமதியாகி இரண்டு கை மாறிய ஒரு ஹனோவேரியன் என்கிற ஜெர்மன் இனப் பெட்டைக் குதிரையை அவளுக்காக முனிரத்தினம் வாங்கினார்.

லாரியிலிருந்து அது இறங்கியபோது நானே வாயைப் பிளந்துவிட்டேன். மெரினாவில் சவாரிக்கு நிற்கிற குதிரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு ஜாதி. செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, பின்தொடையில் எச் எழுத்து மாதிரி சூட்டு முத்திரை. கெசியா முதலில் பார்த்தது அதைத்தான். "பாவி மனுசனுங்க, இன்னா சூடு வெச்சுகீறானுங்க பாருங்க" என்று தடவிக்கொடுத்தாள்.

மோகன்ராஜ் எங்களை நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். ரேஸ் குதிரைக்குச் சூட்டு ரத்தம் என்று பெயராம், பாரம் இழுக்கும் குதிரைக்குக் குளிர்ந்த ரத்தமாம். இரண்டும் கலந்து வந்த இது வார்ம்பிளட், வெதுவெதுப்பான ரத்தம். ஹனோவர் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு ராஜா முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பண்ணை வைத்து, ஏருக்கும் வண்டிக்கும் படைக்கும் ஆகிற மாதிரி இந்த இனத்தை வளர்க்க ஆரம்பித்தாராம். டிராக்டரும் ஜீப்பும் வந்து குதிரைக்கு வேலை இல்லாமல் போனபோது, அந்த ஊர்க்காரர்கள் அதை விட்டுவிடவில்லை. ரேஸ் குதிரை ரத்தத்தைச் சேர்த்து, தாண்டும் சக்தியும் அழகான நடையும் சொன்னதைக் கேட்கிற புத்தியும் உள்ளதையே பொறுக்கிப் பொறுக்கி, விளையாட்டுக்கென்றே ஒரு குதிரையைக் கொண்டுவந்துவிட்டார்கள். "இதோட பேர் வால்ட்ரோஸ். ஹனோவேரியன்ல அப்பா பேரோட முதல் எழுத்துலதான் குட்டிக்குப் பேர் வைப்பாங்க" என்றார்.

"நம்மள மாரியே இனிசியலா சார்?" என்று கெசியா சந்தோஷப்பட்டாள். "வால்ட்டு… இன்னா பேரு இது. வாலு. வாலுன்னு கூப்புடுறேன்."

மறுநாள் தர்பூசணியும் நுங்குமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலையில் போட ஈரச் சாக்கு வேறு. என்னடா இது என்று கேட்டால், "சார்தான சொன்னாரு, அதுக்கு ரத்தமே சூடுன்னு. இந்தக் கத்திரி வெயில்ல தாங்குமா?" என்கிறாள். மோகன்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தர்பூசணி கொடுக்கலாம், நல்லதுதான் என்றார். அன்றைக்கு நுங்கு எனக்குக் கிடைத்தது.

ஆனால் வாலு நகரவில்லை. அதுதான் சிக்கல். முன்னால் இருந்த இடத்தில் யாரோ அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். சவுக்கைக் கண்டால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். அடித்தால் இன்னும் நிற்கும். உடம்பு நடுங்கும், கண்ணில் வெள்ளை தெரியும், ஒரு அடி வைக்காது. ஒரு நாள் காலையில் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு அப்படி நின்றுவிட்டது. முன்னால் இரண்டு பேர் இழுக்கிறார்கள், மோகன்ராஜ் இழுக்காதீர்கள் என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார். உள்ளே லத்திக் கூடையோடு கெசியா மாட்டிக்கொண்டாள். வெளியே போக வழி வேண்டும். அவள் யோசித்தெல்லாம் செய்யவில்லை, பழக்க தோஷம். வாலுவின் விலாவில் டப் டப் என்று இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்றாள்.

வாலு காதைத் திருப்பியது. நடந்து வெளியே போனது.

எல்லோரும் சிரித்தோம், மோகன்ராஜ் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார். செய்தாள். மறுபடியும் நடந்தது. "குதிரைக்குத் தமிழும் கிடையாது, ஜெர்மனும் கிடையாது" என்று என்னிடம் சொன்னார். "அடிபடாத ஒரு சத்தம் அதுக்கு வேணும். இந்தச் சத்தத்துல இதுவரைக்கும் அடி விழுந்ததில்ல. இதை வச்சே ஆரம்பிக்கலாம்." அன்றிலிருந்து அவர் பாடம் நடத்துவார், கெசியா பக்கத்தில் நடந்து குரல் கொடுப்பாள். பயிற்சி முழுக்க அவருடையது, சத்தம் மட்டும் இவளுடையது. நிறுத்துவதற்கு இழுத்த ஓல்டேன். சுருக்கென்று வெட்டுகிறது வேண்டாம், அதற்குப் பயப்படும் என்று கெசியாவே சொல்லிவிட்டாள். நாலைந்து மாதத்தில் தர்ஷினி மேலே உட்கார்ந்து கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டி மெதுவாக அதையே சொன்னால் வாலு கிளம்பியது. யார் காதிலும் விழாமல் சொல்வாள். காலேஜ் சிநேகிதிகள் முன்னால் "போலாம் ரைட்" என்று சொல்ல வெட்கம்.

இதில் ஒரு கூத்து நடந்தது. மோகன்ராஜ் மைதானத்தின் நடுவில் நின்று, "ரைட்! டர்ன் ரைட்!" என்று கத்துவார். வலது பக்கம் திரும்பு என்று அவர் சொல்கிறார், மெதுவாக ஓடிக்கொண்டிருந்த வாலு சிட்டாய்ப் பறக்கிறது. "ரைட்! ஐ செட் ரைட்!" என்று அவர் இன்னும் கத்த, அது இன்னும் பறக்கிறது, மேலே தர்ஷினி அம்மா என்று அலறுகிறாள். வலது, இடது என்று மாற்றிப் பார்த்தார். அவசரத்தில் அவருக்கே அது வாயில் வரவில்லை. கடைசியில் கெசியா சொன்ன வழிதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பெரிய காரில் பெற்றோர்கள் வந்து காபி குடித்துக்கொண்டிருக்க, ஜெர்மனியில் படித்த மனிதர் அடித்தொண்டையில், "சோத்தாங்கை பக்கம் திருப்பு! இப்ப பீச்சாங்கை! பீச்சாங்கை!" என்று கத்துவதைக் கேட்க வேண்டுமே. நான் அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

வாலு தாண்டுவதையும் சொல்ல வேண்டும். எனக்குக் குதிரை பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். தடைக்கு முன்னால் அது காதை முன்னே நீட்டும். பின்னங்காலை மடக்கி எழும்பும்போது, அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சத்தமும் போடாது. அந்தப் பக்கம் இறங்கியதும் மூக்கால் ஒரு புர்ர். முந்நூறு வருஷமாகப் பல பேர் பொறுமையாகக் காத்திருந்து செய்த வேலை அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெசியா ஒவ்வொரு தடவையும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாலு எழும்பும்போது இவள் குதிகாலும் எழும்பும். வீட்டுக்குப் போக அவளுக்கு மனசே வராது. "எனக்குச் சோறு வைக்க மறந்தாலும் அந்தக் குதிரைக்கு மறக்க மாட்டா சார்" என்று தனசிங் ஒரு தடவை என்னிடம் புகார் சொன்னார். சொல்லும்போது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

முனிரத்தினத்துக்கு மட்டும் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. குதிரை நின்றுவிட்ட பழைய கதை அவர் கூட்டாளிகள் வரை போய், கல்யாண வீட்டில் எல்லாம் கலாய்த்திருக்கிறார்கள். ஒரு நாள் வந்து சொல்லிவிட்டார். "சிறுசேரில மீட் வருதுல்ல, அதுல நேஷனல்ஸுக்குக் குவாலிஃபை ஆவட்டும். ஆச்சுன்னா குதிரை இங்கயே இருக்கட்டும். இல்லன்னா பெங்களூர்ல ஒரு பார்ட்டி கேட்டுகினு கீறான், குடுத்துட்டு வேற பாக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவர் குதிரை. கெசியா அன்றைக்கு முழுக்க வாலுவின் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மைதானத்தில் போட்டி. மோகன்ராஜ் கெசியாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "மேல இருக்கற ரைடர் குதிரைகிட்டப் பேசலாம். வெளியில இருந்து யாராவது ஒரு வார்த்தை குடுத்தாலும் எலிமினேஷன்தான். நீங்க வாயைத் திறந்தா வாலு அவுட். புரியுதா?"

"வாய்ல துணி வெச்சுக்கறேன் சார்" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தர்ஷினி உள்ளே போனதும் வேலியோரமாக நின்று துப்பட்டாவின் முனையைச் சுருட்டி நிஜமாகவே வாயில் அடைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. வாலு நின்றது. அசையவில்லை. மைதானம் புதிது, கொடிகள் படபடக்கின்றன, மைக்கில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தர்ஷினி காதோரம் எதையோ முணுமுணுக்கிறாள், அந்த இரைச்சலில் வாலுவுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு தடவை சுற்றிலும் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கையுறையோடு கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டி, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவள் போலத் தொண்டையைத் திறந்து, "போலாம் ரைட்!" என்று கத்தினாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ விசில் கூட அடித்தார்கள். வாலு கிளம்பிவிட்டது.

முதல் தடை, இரண்டாவது, மூன்றாவது. ஒரு கம்பி கூட விழவில்லை. தண்ணீர்த் தொட்டி வைத்த தடையைப் பார்த்தால் புதுக் குதிரைகள் மிரளும். வாலு அதையும் அலட்சியமாகத் தாண்டியது. முனிரத்தினம் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்கிறார். கடைசிக்கு முந்தின தடையில் இறங்கியபோதுதான் சேணம் ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. கட்டியிருந்த தோல்வார் அறுந்துவிட்டது. புது வார், காலையில் மூன்று பேர் சோதித்தது, ஆனாலும் அறுந்தது. தர்ஷினியின் ஒரு கால் மிதிவளையத்தை விட்டு வந்துவிட்டது. அவள் பிடரி மயிரைப் பிடித்துத் தொங்குகிறாள். வாலுவுக்கு அதெல்லாம் தெரியாது, எதிரே கடைசித் தடை தெரிகிறது, காதை முன்னே நீட்டிக்கொண்டு அதை நோக்கிப் போகிறது.

அது தாண்டியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாண்டியிருந்தால் வாலு இங்கேயே இருந்திருக்கும். மேலே இருந்த பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதுதான் தெரியாது.

கெசியா வாயிலிருந்து துணியைப் பிடுங்கினாள். அலறவில்லை. இதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நாங்கள் எல்லோரும் ஐயோ என்று அலறிக்கொண்டிருக்கும்போது அவள் அலறவில்லை. பிள்ளைகள் நடுவில் நிற்கும்போது சொல்கிற அந்த இழுத்த குரலில், பஸ் நிதானமாக நிற்க வேண்டும் என்கிற அந்தக் குரலில், "ஓ…ல்டே…ன்… வாலு… ஓ…ல்டே…ன்" என்றாள்.

வாலுவின் ஒரு காது பின்னால் திரும்பியது. வேகம் குறைந்தது. பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையாகி, தடைக்கு எதிரே வந்து நின்றது. சேணத்தோடு தர்ஷினி மெல்லச் சரிந்து மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு சிராய்ப்பு கூட இல்லை. மணி அடித்தது. மைக்கில் எலிமினேட்டட் என்றார்கள்.

தர்ஷினி எழுந்து வந்தவள் முதலில் கெசியாவிடம்தான் சண்டைக்குப் போனாள். "நான் சமாளிச்சிருப்பேன் அக்கா! ஒரே ஒரு ஜம்ப்தான் பாக்கி! ஏன் கூப்ட்டீங்க?" என்று அழுதாள். கெசியா அவள் தலைக்கவசத்தின் வாரைக் கழற்றிக்கொண்டே, "சமாளிச்சிருப்ப கண்ணு, நீ சமாளிச்சிருப்ப. எனக்குத்தான் பயமாப் பூட்ச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் இவள் தோளில் சாய்ந்து கிடந்தது.

தையல்நாயகி வந்து கெசியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ என் புள்ளய காப்பாத்துன. உனக்கு இன்னா வேணும்னாலும் கேளு."

"வாலுவ விக்காதீங்கம்மா."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அது மட்டும் கேக்காத. அது மேல என் பொண்ணு தொங்கினத நான் பாத்தேன். இனிமே அந்தக் குதிரை என் கண்ணுல படக் கூடாது" என்றார். பெற்ற வயிறு, அவரை எப்படிக் குறை சொல்வது. முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தர்ஷினி ஒரு வாரம் ஒத்தைக் காலில் நின்று பார்த்தாள், நடக்கவில்லை.

பெங்களூரிலிருந்து லாரி வந்தது. கூடவே அந்தப் பண்ணையில் குதிரை பராமரிக்கும் சேட்டு என்பவர். ஓசூர்க்காரர், தமிழ் பேசுவார், நல்ல மாதிரி. மோகன்ராஜ் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. இதற்கு அடி ஆகாது, இந்தச் சொல்லுக்குத்தான் போகும் என்று சொன்னார். ஒரு மாதம் வைத்துப் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்பது அந்தப் பண்ணையின் நிபந்தனை. லாரிப் பலகை முன்னால் வாலு நின்றுவிட்டது. யார் சொல்லியும் ஏறவில்லை. கெசியாவே வந்து இரண்டு தட்டு தட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஏற்றிவிட்டாள். கதவைச் சாத்தும் முன் திரும்பி நடந்து, காலியான கொட்டகையைப் பெருக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இருக்கும். தீவன அறையில் நானும் கெசியாவும் ஓட்ஸ் டிரம்களை நகர்த்திக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது. சேட்டு.

"அண்ணா, குதிரை வந்ததிலேர்ந்து நிக்குதுண்ணா. மேல ஆள் ஏறிட்டா ஒரு அடி வைக்கல. நாங்களும் ரைட்டு ரைட்டுன்னு சொல்லிப் பாத்துட்டோம். வர்ற வாரம் திருப்பி அனுப்பிடலாம்னு மொதலாளி சொல்றாரு. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு."

எனக்கு நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டேன். "கெசியா, வாலு திரும்பி வருது! பேசாம இரு. ஒண்ணும் சொல்லாத. ஒரு வாரம் வாயை மூடிகிட்டு இருந்தாப் போதும். திரும்பி வந்தா நம்ம கொட்டகையிலயே கிடக்கட்டும், முனிரத்தினம் சார்கிட்ட நான் பேசிக்கறேன்." நான் இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. குதிரை விஷயத்தில் சத்தியமாக இல்லை.

கெசியாவின் முகம் அப்படியே மலர்ந்தது. ஒரு நொடிதான். பிறகு கேட்டாள்.

"அடிக்கிறாங்களான்னு கேளுங்க சார்."

கேட்டேன். "நான் கை வைக்கலண்ணா. ஆனா மேல ஏறுறவங்க சும்மா இருப்பாங்களா?" என்றார் சேட்டு.

கெசியா கையை நீட்டினாள். நான் போனைத் தரவில்லை. "இன்னும் ஒரு வாரம்தானே கெசியா" என்றேன்.

"ஒரு வாரம் அடி வாங்கணுமா சார் அது? இன்னாத்துக்கு? நான் பாக்கணும்னா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். என்னிடம் அவள் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் கெசியா. இப்ப வாலு எங்க கீது? மேல ஆள் கீதா? சரி. கையில இருக்கற குச்சியத் தூரப் போடச் சொல்லு. போட்டாச்சா? ஓடிகினு கீறப்ப ரைட்டுன்னா பறக்கும், நின்னுகினு கீறப்ப நீ சும்மா ரைட்டு ரைட்டுன்னா அதுக்கு இன்னா தெரியும். மொதல்ல விலாவுல ரெண்டு தட்டணும், பஸ்ஸு மேல தட்டுற மாரி. அப்புறம் போலாம்னு சொல்லி, ரைட்ட எடுத்து வுடணும். வாணாம், இன்னிக்கு நானே சொல்றேன். போன ஸ்பீக்கர்ல போட்டு அது காதாண்ட வை."

போனில் காற்று இரைந்தது. வாலு மூக்கால் புர்ர் என்றது கேட்டது. கெசியா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சேட்டு தட்டுவது கேட்டதும், இங்கே இவள் கையும் தானாகப் போய் ஓட்ஸ் டிரம்மில் டப் டப் என்று தட்டியது.

"வாலு," என்றாள். "போலாம் ரைட்!"

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குளம்புச் சத்தம். இன்னொன்று. அப்புறம் அது சீராக வர ஆரம்பித்து, வேகம் பிடித்து, போனை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. "போகுதுக்கா! போகுது!" என்று சேட்டு கத்தினார். யார் யாரோ கைதட்டினார்கள். கெசியாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. நானும் ஓட்ஸ் தூசி என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? நல்லாப் போகுதுக்கா. நிறுத்தறதுக்கு என்ன சொல்லணும், சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் கெசியா. "இப்ப நிறுத்தாத. கொஞ்ச தூரம் போவட்டும்."